துண்டுச்சீட்டின் பின்பக்கம்

கேள்வியக்கா என்று அவளுக்கு யார் பெயர் வைத்தார்கள் என்று தெரியாது. அவள் சுற்றுகிற ஏழெட்டுத் தெருக்களிலும் அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. கதவைத் தட்டினால், "யாரு?" என்று ஒரு குரல் கேட்பதற்குள் இன்னொரு குரல், "கேள்வியக்காதான், கதவைத் திற" என்று சொல்லிவிடும். தோளில் ஒரு பை, பைக்குள் அலுவலகம் கொடுத்த டேப்லெட், கழுத்தில் புகைப்படம் ஒட்டிய அட்டை. புகைப்படத்தில் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பாள். நேரில் அப்படியில்லை.

யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வீடுவீடாகக் கேட்டு எழுதுவதுதான் அவளுடைய வேலை. சொல்லும்போது என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று பேரில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிற அந்த நாட்டில், வேலையில்லாதவர் என்று பெயர் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. போன ஏழு நாளில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். பட்டம் வாங்கிவிட்டு மூன்று வருஷமாகச் சும்மா இருந்த ஒருவன், பக்கத்து வீட்டு பீரோவை மாடியிலிருந்து கீழே இறக்கிக் கொடுத்துக் கையில் ஏதோ வாங்கிக்கொண்டான். டேப்லெட் அவனை வேலையில் இருப்பவன் என்று பச்சை நிறத்தில் காட்டியது. அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை எங்க அம்மாகிட்ட காட்டலாமா?" என்று கேட்டான்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு ஆத்திரமாக வரும். ஒரு மணி நேரம்கூட உழைக்கவில்லை, நாளைக்கே கூப்பிட்டாலும் போகத் தயார், ஆனால் போன நாலு வாரத்தில் வேலை தேடி ஒரு படி ஏறவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் வேலையில்லாதவர் பட்டியலில் வரமாட்டார். 'உழைப்போர் படைக்கு வெளியே' என்று திரை சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்து உட்கார்ந்துவிட்ட ஆளைப் பார்த்து, நீதான் தேடவில்லையே, அப்புறம் உனக்கு வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிற கணக்கு அது. இந்த விதியைப் போட்ட புண்ணியவான் எவ்வளவு மெத்தென்ற நாற்காலியில் உட்கார்ந்து போட்டாரோ.

அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். வீட்டில் அவள் புருஷன் இருந்தார்.

அவர் பிஸ்கட் ஃபேக்டரியில் அடுப்பு பார்த்தவர். பத்தொன்பது வருஷம். பஸ் நீளத்துக்கு இருக்கிற அந்த அடுப்பிலிருந்து பெல்ட்டில் வரிசையாக வெளியே வரும் பிஸ்கட்டின் நிறத்தைப் பார்த்தே, உள்ளே சூடு எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஃபேக்டரியில் எல்லாரும் அடுப்புக்காரர் என்றே கூப்பிட்டுப் பழகி, கடைசியில் அவள் அண்ணன்கூடப் போனில் "என்ன அடுப்புக்காரரே" என்றுதான் தொடங்குவான். ஒரு தடவை ஏற்றுமதிக்குப் போகவேண்டிய சரக்கு லேசாகக் கருகிவிட்டது. கண்ணுக்கே தெரியாது, அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் கெஞ்சினாராம். "எனக்குத் தெரியுதே" என்று சொல்லி மொத்தத்தையும் நிறுத்திவிட்டார். பொய் அவருக்கு வராது. சொன்னால் காது சிவந்துவிடும்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் ஃபேக்டரியை மூடினார்கள். முதல் எட்டு மாதம் அவர் போகாத இடமில்லை. பேக்கரி, ரொட்டி ஃபேக்டரி, செங்கல் சூளை, கண்ணாடி உருக்குகிற இடம், சூடு எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போய் நின்றார். ஒரு இடத்தில் வயது கேட்டார்கள். ஒரு இடத்தில், "இப்ப அடுப்பே தன்னைத்தானே பாத்துக்குதுங்க" என்று முதலாளியின் மகன் சிரித்தான். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போது அவள் சமையலறையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள், பார்ப்பாள், அவ்வளவுதான். அவர் இல்லையென்று தலையை ஆட்டுவார். அவள் சட்டென்று சிரித்து, "சரி விடுங்க, கைகால் கழுவிட்டு வாங்க" என்பாள். எட்டு மாதம் இது நடந்தது. அப்புறம் ஒருநாள் அவர் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதற்குப் பிறகு வீட்டுச் சமையல் அவர் கைக்கு வந்தது. அவளுக்கு இந்தக் கணக்கெடுப்பு வேலை கிடைத்ததும் அந்தச் சமயத்தில்தான்.

ஊரெல்லாம் கேட்கிற அந்தக் கேள்வியை அவள் வீட்டில் மட்டும் கேட்கவில்லை. ஏன் போகலை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அவர் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில்தான் அவள் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக அவள் வேறொன்று செய்தாள். செய்யக் கூடாததைச் செய்தாள்.

பயிற்சியின் முதல் நாளே இரண்டு விதிகளைத் தலையில் அடிக்காத குறையாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்று, பதில் சொல்கிறவர் சொல்வதுதான் பதில். சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை கேட்கலாம், வாதாடக் கூடாது. இரண்டு, கேட்கப் போன வீட்டில் தனக்கென்று எதையும் கேட்கக் கூடாது. தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கலாம். முதல் விதியை அவள் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினாள். இரண்டாவதை மூன்று மாதத்துக்கு முன்னால் மீறத் தொடங்கினாள். எல்லாக் கேள்வியும் முடிந்து, டேப்லெட்டை உறைக்குள் போட்டு, பையின் ஜிப்பை இழுத்த பிறகு, கிளம்புகிற சாக்கில் சொல்வாள்: "எங்க வீட்ல அடுப்பு வேலை தெரிஞ்ச ஒருத்தர் இருக்காருங்க. தெரிஞ்ச இடத்துல எங்கயாவது ஆள் தேவைன்னா சொல்லுங்க." ஜிப்பை இழுக்கும் வரைக்கும் அலுவலகத்து நேரம், இழுத்த பிறகு தன் நேரம் என்று அவளாக ஒரு சமாதானம் செய்துகொண்டிருந்தாள். சொல்லிவிட்டு ஒரு துண்டுச்சீட்டையும் கொடுப்பாள்.

கோளாறு அந்தத் துண்டுச்சீட்டில்தான். 'இன்ன தேதியில் உங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறோம்' என்று முன்கூட்டியே கொடுக்க அலுவலகம் அச்சடித்த சீட்டுகள். தேதி போனதும் மிச்சம் கட்டுக்கட்டாக அவள் பையிலேயே கிடந்தது. குப்பைக்குப் போகிற காகிதம்தானே என்று அதன் பின்பக்கத்தில் எழுதினாள். முன்பக்கத்தில் அலுவலக முத்திரை பளிச்சென்று இருந்தது அவளுக்கு உறைக்கவே இல்லை. அறுபத்து மூன்று வீடுகளுக்குக் கொடுத்தாள். தொடர்பு எண் அவளுடையது. இல்லையென்று சொல்கிறவர்கள் தன்னிடம் சொல்லட்டும், அவர் காதில் விழவேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தாள். எட்டு மாதம் அவர் கேட்டது போதாதா?

அந்தக் காலாண்டில் கணக்கெடுக்கவேண்டிய வீடுகளின் பட்டியல் வந்தபோது அதில் அவளுடைய வீட்டு முகவரியே இருந்தது. கம்ப்யூட்டருக்கு யார் வீடு என்று தெரியுமா என்ன? சொந்த வீடு பட்டியலில் விழுந்தால் சூப்பர்வைசர்தான் வந்து கேட்கவேண்டும். வீட்டில் மற்றவர்களைக் கேட்கிற நேரம் ஊழியர் அந்த அறையில் இருக்கக் கூடாது. வியாழக்கிழமை நாலு மணிக்கு வருவதாக அவர் சொல்லியிருந்தார்.

சூப்பர்வைசருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ஒருநிமிஷம். எதையாவது கண்டுபிடித்துவிட்டால், "ஒரு நிமிஷம்" என்று விரலைத் தூக்குவார். அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் எதிரில் இருப்பவருக்கு வியர்த்துவிடும். அவரிடம் யாரும் குரலை உயர்த்தியதில்லை, அவர் குரலும் உயராது.

புதன்கிழமை சாயங்காலம் அவள் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். அடுப்புக்காரர் தரையில் செய்தித்தாளை விரித்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் நறுக்கினால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கும்.

"நாளைக்கு எங்க சார் வர்றார் இல்ல, அவர் உங்களைக் கேட்பார். போன நாலு வாரத்துல வேலை தேடினீங்களான்னு."

"கேக்கட்டும்."

"ஒரே ஒரு ஆளைக் கேட்டேன்னு சொன்னாக்கூடப் போதும். அதுவே தேடினதாத்தான் அர்த்தம்."

"யாரைக் கேட்டேன்?"

"எங்க அண்ணனைக் கேட்டேன்னு சொல்லுங்களேன்."

"உங்க அண்ணன்தான் என்னைக் கேக்கறார். வாரத்துக்கு ரெண்டு தடவை. 'என்ன அடுப்புக்காரரே, ஏதாவது ஆச்சா'ன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "விளையாடாதீங்க. தேடலைன்னு சொன்னா உங்களை வெளியேன்னு எழுதிடுவாங்க. வேலையே வேணாம்னு இருக்கறவங்களோட சேத்துடுவாங்க."

"படைக்கு வெளியேதானே? நான் எந்தப் படையில சேந்தேன், வெளியே போறதுக்கு?" என்றவர் கத்தியைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது. "தேடலைம்மா. தேடலைங்கறதைத் தேடினேன்னு எப்படிச் சொல்றது? உள்ளதை எழுதிக்கிட்டுப் போகட்டும்."

வெங்காயத்தின் சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த மனிதரையா சாம்பல் நிறத்தில் தள்ளுவது என்று இருந்தது. வேலை வேண்டாம் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. தோசைக்கல் சூடானால் இன்னும் அதன்மேல் கையை நீட்டிப் பார்த்து, "இருநூறு டிகிரி இருக்கும்" என்பார். அளந்து பார்க்க வீட்டில் கருவியில்லை, ஆனால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் போன் அடித்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் சூப்பர்வைசர். "மறுபரிசோதனைக்கு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபிரிட்ஜ் கதவுல நம்ம ஆபீஸ் சீட்டு ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. பின்னாடி திருப்பிப் பாத்தேன். சாயங்காலம் நேர்ல பேசிக்கலாம்."

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிற ஊழியர்களின் பட்டியல் மறுநாள் வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. போன வருஷம் ஒரு பெண், கணக்கெடுக்கப் போன வீட்டில் ஊறுகாய் விற்றாள் என்று அந்தப் பட்டியலில் அவள் பெயர்மேல் கோடு விழுந்தது. இவள் சம்பளம் போனால் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. அன்று பதினோரு வீடுகளில் அவள் கேள்வி கேட்டாள். யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் மனதில் நிற்கவில்லை, விரல்தான் எழுதியது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்லவும் வாய் வரவில்லை. சொல்வதென்றால் அறுபத்து மூன்று வீட்டையும் சொல்லவேண்டுமே.

நாலு மணி என்றால் நாலு மணிக்கு வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முதலில் அவளிடம் கேட்டார், விதிப்படி.

"போன ஏழு நாள்ல நீங்க சம்பளத்துக்கு வேலை பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"என்ன வேலை?"

அவள் அவரையே பார்த்தாள். "உங்ககிட்டதான் சார்."

"பதிலைச் சொல்லுங்கம்மா."

சொன்னாள். எழுதிக்கொண்டார். பிறகு, "நீங்க உள்ள போகலாம்" என்றார். அவள் சமையலறைக்குப் போனாள். கதவுக்குப் பதில் அங்கே ஒரு திரைதான் தொங்கியது. விதி அறையைச் சொன்னதே தவிர காதைச் சொல்லவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது, கண்ணுக்கும் அது போதும்.

"போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா?"

"மூணு வேளையும் சமைக்கிறேன் சார். பாத்திரமும் நான்தான்."

"அது சம்பளத்துக்கா?"

"எப்பவாவது திட்டு கிடைக்கும்."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. இல்லை என்பதில் விரலை வைத்தார். "வேலை கிடைச்சா உடனே போக முடியுமா?"

"இன்னைக்கே போவேன்."

"போன நாலு வாரத்துல வேலை தேடி ஏதாவது முயற்சி செஞ்சீங்களா?"

உள்ளே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணனைச் சொல்லுங்க, யாரையாவது சொல்லுங்க.

"இல்லை சார்."

"நான் ஒவ்வொண்ணாப் படிக்கணும். படிக்கிறேன். எங்கயாவது நேர்ல போய்க் கேட்டீங்களா?"

"இல்லை."

"விண்ணப்பம் போட்டீங்களா?"

"இல்லை."

"சொந்தக்காரங்க, நண்பர்கள் யார்கிட்டயாவது சொல்லி வெச்சீங்களா?"

"இல்லை."

ஒவ்வொரு இல்லையும் அவள் மேல் ஒரு அடி மாதிரி விழுந்தது. அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. கருகிய சரக்கைக் கருகியது என்று சொல்கிற அதே குரல்.

"விளம்பரம், அறிவிப்பு, துண்டுச்சீட்டு இந்த மாதிரி ஏதாவது?"

"இல்..."

"ஒரு நிமிஷம்." சூப்பர்வைசர் விரலைத் தூக்கினார். சட்டைப் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தார். "இதைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா? பதில் சொல்றதுக்கு முன்னாடி படிச்சுப் பாருங்க. இது ஆபீஸ் காகிதம். இதை யாராவது ஊழியர் எழுதி, கணக்கெடுக்கப் போன வீட்ல கொடுத்திருந்தா, நான் நாளைக்கு அதை மேல எழுதியாகணும்."

அடுப்புக்காரர் சீட்டைக் கையில் எடுத்தார். தூரத்தில் பிடித்துப் படித்தார். கண்ணாடி வாங்கவேண்டும் என்று ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். உதடு அசைய அசைய அவர் படிப்பது அவளுக்குத் தெரிந்தது. எழுதியது அவள்தானே, எந்த வரியில் இருக்கிறார் என்றுகூட அவளால் சொல்ல முடிந்தது.

'பிஸ்கட் அடுப்பில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். நிறத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவார். ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. பொறுமைசாலி. நல்ல மனிதர். வேலை இருந்தால் தயவுசெய்து கூப்பிடவும்.' அதற்குக் கீழே பத்து எண்கள்.

படித்து முடித்தவர் தலையைத் தூக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அவள் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? பதினைந்து வருஷம் பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் அவள் எழுதி வைத்த சீட்டுகளைப் பார்த்தவர். போச்சு, அவருக்குப் பொய் வராது, கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார் என்று அவள் திரையைப் பற்றிக்கொண்டு நின்றாள். அதைவிட, அவருக்குத் தெரியாமல் அவரை ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தது இப்படி ஒரு வெளியாள் முன்னால் தெரிந்துவிட்டதே என்ற வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"தெரியும் சார்," என்றார் அடுப்புக்காரர். "நான் எழுதினது."

சூப்பர்வைசர் டேப்லெட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"அவ பையில பழைய சீட்டு சும்மாக் கிடந்துச்சு. அவளுக்குத் தெரியாம எடுத்து எழுதினேன். நானே போய் வீட்டு வீட்டுக்குக் கொடுத்தேன். தப்புதான்."

"இப்பதான் துண்டுச்சீட்டு கொடுக்கலைன்னு சொல்ல வந்தீங்க."

"மறந்துட்டேன்."

"பொறுமைசாலி, நல்ல மனிதர்னு உங்களைப் பத்தி நீங்களே எழுதினீங்களா?"

அடுப்புக்காரரின் காது இரண்டும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. திரை இடுக்கு வழியாகப் பார்த்தவளுக்கே தெரிந்ததென்றால் எதிரில் உட்கார்ந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"ஆமா சார். நம்மளைப் பத்தி நாமளே சொல்லிக்கலைன்னா வேற யார் சொல்லுவாங்க?"

சூப்பர்வைசரின் பார்வை ஒரு தடவை சமையலறைத் திரைப் பக்கம் போய்த் திரும்பியது.

"பதில் சொல்றவர் சொல்றதுதான் பதில்," என்றார் கடைசியில், தனக்கே பாடம் சொல்லிக்கொள்வது மாதிரி. "இன்னொரு தடவை கேட்கலாம், வாதாடக் கூடாது. இன்னொரு தடவை கேக்கறேன். போன நாலு வாரத்துல வேலை தேடித் துண்டுச்சீட்டு கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

விரலை வைத்தார். டேப்லெட் திரையின் நிறம் மாறியது. "நீங்க வேலையில்லாதவர்," என்று ஏதோ பரிசு அறிவிக்கிற மாதிரி சொல்லிவிட்டு டேப்லெட்டை மூடினார்.

புருஷனுக்கு வேலையில்லை என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தி உலகத்தில் இருந்திருப்பாளா தெரியவில்லை. திரைக்குப் பின்னால் அவள் புறங்கையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

வாசலில் செருப்பை மாட்டியபடி சூப்பர்வைசர் குரல் கொடுத்தார். "நாளைக்குப் பட்டியல் அனுப்பறேன்மா. திங்கக்கிழமை எப்பவும்போல வந்துடுங்க. பழைய சீட்டையெல்லாம் ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்துடுங்க, வீட்ல வெச்சா யாராவது எடுத்து எழுதிடறாங்க." அடுப்புக்காரரைப் பார்த்து, "இந்த ஒண்ணை மட்டும் நீங்களே வெச்சுக்குங்க. இது எனக்கு எதுக்கு?" என்றார்.

சூப்பர்வைசர் போய்விட்டார். அவள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்புக்காரர் சீட்டின் கீழ்வரியைக் காட்டினார்.

"நம்பர் உன்னோடது."

"ம்."

"அவர்கிட்ட உன் நம்பர் இருக்கும் இல்ல?"

"தினம் ரெண்டு தடவை கூப்பிடுவார். மனப்பாடமாவே இருக்கும்."

அடுப்புக்காரர் வாசலைப் பார்த்தார். தெருவில் அந்த ஒல்லி மனிதரைக் காணவில்லை. "ஒருநிமிஷம்னு கிண்டல் பண்றீங்களே, நல்ல மனுஷன்," என்றார். பிறகு, "எத்தனை வீடு?"

"அறுபத்து மூணு."

"அறுபத்து மூணு தடவை கேட்டியா?" என்றார் அவர். "நீ ஏம்மா கேட்டே? நான் போறதை நிறுத்தினதே, வாசல்ல செருப்பைக் கழட்டும்போது நீ நிமிர்ந்து பாக்கறதைத் தாங்க முடியாமத்தான். இல்லைன்னு தலையாட்டினதும் சிரிப்பே பாரு, அந்தச் சிரிப்பு. அதுக்கு நீ திட்டியிருக்கலாம்."

"நீங்க இன்னொரு தடவை இல்லைன்னு கேக்கக் கூடாதுன்னுதான் நான் போய்க் கேட்டேன்."

இரண்டு பேரும் ஆறு மாதமாக ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்துவைத்திருந்தது ஒரே விஷயத்தைத்தான். அதை நினைத்தால் அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு.

"மூணு பேர் கூப்பிட்டாங்க," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒருத்தர் வயசு கேட்டுட்டு வெச்சுட்டார். ஒருத்தருக்குச் சின்னப் பையன் வேணுமாம். மூணாவது, ரயில் நிலையத்துக்குப் பின்னாடி ஒரு அம்மா பேக்கரி வெச்சிருக்காங்க. பழைய அடுப்பு, யாருக்கும் அடங்க மாட்டேங்குது, அவரை வந்து பாக்கச் சொல்லுங்கன்னாங்க. பத்து நாள் ஆச்சு."

"ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? சொன்னா, நான் கேட்டது உங்களுக்குத் தெரிஞ்சுடுமே."

இல்லை என்று வந்ததையெல்லாம் வாங்கித் தன் மடியில் கட்டிக்கொண்டவள், வா என்று வந்த ஒன்றை மட்டும் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் பத்து நாளாகத் தவித்திருக்கிறாள். அடுப்புக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்தார். சூப்பர்வைசர் மறந்துவிட்டுப் போனது, மூன்றில் ஒன்று. சீட்டில் இருந்த அவளுடைய எண்ணை ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்குக் கீழே தன் எண்ணை நிதானமாக எழுதினார்.

"இனிமே இல்லைன்னாலும் என்கிட்டயே சொல்லட்டும்," என்றார். "அந்த அம்மா நம்பரைக் கொடு."

அவள் போனில் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க போறே? இங்கயே உக்காரு. மூஞ்சியை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கோ."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மணி அடிக்கிற சத்தம் அவளுக்கும் கேட்டது. நாலு, ஐந்து, ஆறு. யாரோ எடுத்தார்கள். அடுப்புக்காரர் தொண்டையைச் செருமினார்.

"வணக்கம்மா. பத்து நாள் முன்னாடி அடுப்பு பாக்க ஒரு ஆளைக் கேட்டிருந்தீங்களாமே, அந்த ஆள்தான் பேசறேன். இன்னும் இடம் இருக்குங்களா?" எதிரில் ஏதோ சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டே சீட்டை மறுபடியும் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்தார். "ஆமாங்க, பத்தொன்பது வருஷம். இல்லைங்க, பொறுமைசாலின்னு போட்டிருக்கறது கொஞ்சம் கூடுதல்தான். அது நான் எழுதலைங்க. என் பொண்டாட்டி எழுதினது."